பென்சில் பட்ட ரெக்கார்டுகள்

வணக்கம் நேயர்களே. மெல்பர்னில் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியப் பாணிக் கால்பந்து, பார்க்கப் போனவர்களுக்கு, மைதான வாசலில் 'ரெக்கார்ட்' என்று கூவி விற்கிற சின்னப் புத்தகம் தெரிந்திருக்கும். என் பைத்தியம் அதுதான். 1912இல் ஒரு பென்னிக்கு வர ஆரம்பித்தது. ஆட்டக்காரர் பெயர், எண், பிறகு கோல் குறித்துக்கொள்ள வெற்றுக் கட்டங்கள். அந்தக் கட்டங்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேகரிக்கிறவர்கள் பலருக்கும் எழுத்துப் படாத பிரதிதான் வேண்டும். யாராவது பென்சிலால் கிறுக்கியிருந்தால் விலை இறங்கிவிடும். எனக்கு நேர்மாறு. கிறுக்காத ரெக்கார்டை நான் நம்புவதே இல்லை. ஆட்டத்தைப் பார்க்காமல் என்னதான் செய்துகொண்டிருந்தார்கள்?

ஒரு தடவை, யாரோ வீட்டு கராஜில் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தார்கள். சமையல் புத்தகங்களுக்கு அடியில் 1966 இறுதிப் போட்டி ரெக்கார்ட் கிடந்தது. செயின்ட் கில்டாவும் காலிங்வுட்டும் மோதிய போட்டி. எம்.சி.ஜி. என்கிற மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் லட்சத்துக்கு மேல் கூட்டம். முடியப் போகிற நேரத்தில் இரண்டு பக்கமும் 73. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நடுக் கம்பங்களுக்குள் உதைத்தால் ஆறு புள்ளி, ஓரக் கம்பத்துக்குள் போனால் ஒன்று. பாரி ப்ரீன் உதைத்த பந்து தள்ளாடித் தள்ளாடி ஓரத்துக்குள் போனது. ஒரே புள்ளி. 74க்கு 73. செயின்ட் கில்டாவுக்கு இன்றுவரை இருப்பது அந்த ஒரு கோப்பைதான்.

இப்போது அந்தக் கட்டங்களுக்கு வருவோம். ஆட்டத்தின் நாலு பாகத்தில் மூன்று குவார்ட்டர் வரைக்கும் பொடி எழுத்து, கணக்குப்பிள்ளை நோட்டு மாதிரி. நாலாவதில் எழுத்து கோணுகிறது. 73, 73. அதற்கப்புறம் வெறும் கட்டம். கடைசிப் புள்ளியை எழுதவே இல்லை! சந்தோஷத்தில் பென்சில் எங்கேயோ பறந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். விற்ற அம்மாவிடம் கேட்டேன். "அப்பாவுடையது. அந்த மேட்ச் பேச்சை வீட்டில் எடுக்கவே கூடாது" என்றார். எந்த அணிக்காரர் என்று நான் மேலே கேட்கவில்லை. பேரம் பேசவும் வாய் வரவில்லை.

ரெக்கார்ட் மாதிரியே எனக்குப் பிடித்த சுவரொட்டிகளுக்கு வருகிறேன். ஹெரால்ட் பத்திரிகையில் வெக் என்று கையெழுத்துப் போட்ட வில்லியம் எல்லிஸ் கிரீன், கோப்பை ஜெயித்த அணிக்குக் கேலிச்சித்திரச் சுவரொட்டி வரைவார். 1954இல் ஃபுட்ஸ்க்ரே ஜெயித்தபோது ஆரம்பித்தது. பாவம், அந்த அணிக்கு அடுத்த கோப்பை 2016இல்தான். வெக் 2008இலேயே காலமாகிவிட்டார். பழைய வெக் சுவரொட்டிகளில் மூலைக்கு மூலை செலோடேப் கறை இருக்கும். அதுவும் எனக்குப் பிடிக்கும், பென்சில் மாதிரியேதான்.

சூயிங்கத்தோடு வந்த, ஆட்டக்காரர் படம் போட்ட ஸ்கேன்லன்ஸ் அட்டைகள்... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டே நிமிஷம்தான் பாக்கி. சரி, அட்டை போகட்டும். 1993இல் செயின்ட் கில்டாவின் பழங்குடி ஆட்டக்காரர் நிக்கி வின்மார், நிறவெறி ஏச்சுக்குப் பதிலாக ஜெர்சியைத் தூக்கித் தன் தோலைக் காட்டிய படம் பற்றித்தான் முக்கியமாகப் பேச வந்தேன், அதற்கும் நேரமில்லை. ஒன்று மட்டும்: பழைய ரெக்கார்ட் கையில் கிடைத்தால் ரப்பர் பேண்ட் போடாதீர்கள், தாளில் தழும்பு விழுந்துவிடும். பென்சிலை அழிக்கவே அழிக்காதீர்கள். விற்பதாக இருந்தால் நம்ம வானொலி நிலையத்துக்கு ஒரு ஃபோன் போடுங்கள், எனக்குச் சொல்லிவிடுவார்கள். வணக்கம்.