மசிடோனியா எண்ட பேரும் பள்ளிக்கூடப் புத்தகமும்

வணக்கம் நேயர்களே. ஐரோப்பாவில பக்கத்துப் பக்கத்தில இருக்கிற ரெண்டு நாடு ஒரு பேருக்காக 27 வருஷம் இழுபட்ட கதையைத்தான் இண்டைக்குச் சொல்லப்போறன். கொழும்பில இருக்கிற எங்களுக்கு மசிடோனியாவால என்ன எண்டு நினைக்கவேண்டாம், ஆர் முதல்ல வந்தது, நிலம் ஆருடையது எண்ட வாதத்தைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த ஆக்கள் நாங்கள், எங்களுக்கு இது நல்லா விளங்கும்.

மசிடோனியா எண்ட அந்தப் பெரிய பிரதேசம் ஒட்டோமன் ஆட்சிக்குக் கீழ இருந்தது. பால்கன் யுத்தங்கள் முடிய 1913-ல புக்காரெஸ்ட் ஒப்பந்தத்தில அதைப் பிரிச்சு பாதியளவு கிரீஸுக்கு, அதைவிடக் குறைய சேர்பியாவுக்கு, ஒரு சின்னத் துண்டு பல்கேரியாவுக்கு எண்டு எடுத்தவை. சேர்பியாவுக்குப் போன பகுதி பிறகு யூகோஸ்லாவியாவுக்குள்ள ஒரு குடியரசா இருந்து, 1991 செப்டம்பர் 8-ல வாக்கெடுப்பு வச்சு தனிநாடா வந்தது. மசிடோனியக் குடியரசு எண்டு பேர். கிரீஸ் உடன எதிர்த்தது, ஏனெண்டா அவையிட வடக்கிலயும் மசிடோனியா எண்டொரு பிரதேசம் இருக்குது, தெசலோனிக்கிதான் அங்க பெரிய நகரம், அலெக்சாண்டர் எங்கட ஆள், பேரை எடுத்தவை நாளைக்கு நிலத்தையும் கேப்பினம் எண்டு சொன்னவை. அதை வெறும் பயம் எண்டு நான் தள்ளமாட்டன். புது நாட்டின்ர முதல் கொடியில இருந்த சூரியன், 1977-ல கிரீஸ் மண்ணில வெர்ஜினா எண்ட இடத்தில தோண்டின கல்லறையில கிடைச்ச சின்னம். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனா மற்றப் பக்கத்தையும் பாருங்கோ. ரெண்டு மில்லியன் சனம், கடல் இல்லாத நாடு. 1993-ல ஐநாவில சேரேக்க சொந்தப் பேரில சேர விடேல்ல, 'முன்னாள் யூகோஸ்லாவிய மசிடோனியக் குடியரசு' எண்டு தற்காலிகமா ஒண்டு, கொடியைக்கூட அங்க ஏத்த விடேல்ல. 1994 பெப்ரவரியில கிரீஸ் பொருளாதாரத் தடை போட்டு தெசலோனிக்கி துறைமுகத்தை மூடினது, அடுத்த வருஷம் செப்டம்பரில ஒரு இடைக்கால ஒப்பந்தம் வந்து, கொடியை மாத்தினாப் பிறகுதான் அது விட்டுது.

இதில எனக்கு ஆகக் கஷ்டமா இருக்கிறது அலெக்சாண்டர் இல்லை. 1946-லயிருந்து 1949 வரை கிரீஸில உள்நாட்டு யுத்தம், அப்ப வடக்குக் கிராமங்களில ஸ்லாவ் மொழி பேசின சனம் ஆயிரக்கணக்கில எல்லை கடந்து ஓடினது, பிள்ளையளைத் தனியா அனுப்பின தாய்மாரும் இருந்தவை. அந்தக் கிராமங்களின்ர பழைய பேரெல்லாம் அதுக்கு முதலே, 1920-களில, மாத்தியாச்சு. பிறகு 1982-ல கிரீஸ் அரசாங்கம் அகதியள் திரும்பி வரலாம் எண்டு அறிவிச்சது, ஆனா கிரேக்க இனத்தவருக்கு மட்டும். மற்ற ஆக்களுக்கு ஊரும் இல்லை, காணியும் இல்லை. பிறந்த வீடு ஒரு நாட்டில, பாஸ்போட் இன்னொரு நாட்டில எண்டா என்ன எண்டு எங்கட ஆக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பேரைப் பற்றின சண்டையில இந்தச் சனத்தின்ர கதையை ரெண்டு பக்கத் தலைவர்மாரும் பெரிசா எடுக்கேல்ல, அதுதான் எனக்கு வருத்தம்.

2008-ல மசிடோனியா நேட்டோ இராணுவக் கூட்டணியில சேர்ற வாய்ப்பை கிரீஸ் மறிச்சது, அது அந்த இடைக்கால ஒப்பந்தத்தை மீறினது எண்டு 2011-ல சர்வதேச நீதிமன்றம் சொன்னது. அதே 2011-ல மசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யேயின்ர நடுவில குதிரையில ஒரு போர்வீரன் சிலை எழும்பினது, ஆரெண்டு எல்லாருக்கும் தெரியும். அது பிழையான வேலை எண்டுதான் நான் சொல்லுவன். ஸ்லாவ் சனம் பால்கனுக்கு வந்தது அலெக்சாண்டர் செத்து கிட்டத்தட்ட ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு, அவையின்ர முதல் ஜனாதிபதி கிரோ கிளிகோரோவே அதை வெளிப்படையா ஒத்துக்கொண்டவர். சனம் வாழுற நிலத்துக்கு உரிமை கேக்க ஒரு பழைய ராசா தேவையில்லை, அங்க வாழுறதே காணும்.

கடைசியா 2018 ஜூன் 17-ல பிரெஸ்பா ஏரிக்கரையில கையெழுத்தானது, கிரீஸ் பிரதமர் சிப்ராஸும் மற்றப் பக்கப் பிரதமர் ஸாயெவும் ரெண்டு பேருமே சொந்த நாட்டில துரோகி எண்டு பேச்சு வாங்கினவை. வட மசிடோனியா எண்டு பேர். அங்க வச்ச வாக்கெடுப்புக்கு 37 வீதம்தான் வந்தது, கிரீஸ் பாராளுமன்றத்தில 153-க்கு 146 எண்டு மயிரிழையில பாஸானது.

அந்த ஒப்பந்தத்தின்ர ஏழாவது பிரிவைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசிச்சனான். ஆர் சரி ஆர் பிழை எண்டு அது தீர்ப்புச் சொல்லேல்ல. மசிடோனியா எண்டு கிரீஸ் சொல்லேக்க ஒரு வரலாறு, வட மசிடோனியா சொல்லேக்க வேறொரு வரலாறு, ரெண்டும் இருக்கட்டும், ஆனா பழைய கிரேக்க நாகரிகம் வட மசிடோனியாவின்ரது இல்லை எண்டு தெளிவா எழுதி வச்சிருக்குது. எட்டாவது பிரிவில ரெண்டு பக்கத்து அறிஞர்களும் ஒண்டா இருந்து பள்ளிக்கூடப் புத்தகங்களையும் வரைபடங்களையும் பார்த்துத் திருத்தவேணும் எண்டிருக்குது. எனக்கு இதுதான் முக்கியம், ஏனெண்டா தமிழ் ராசா எல்லாளனையும் அவரை வெண்ட சிங்கள ராசா துட்டகைமுனுவையும் எங்கட பிள்ளையளுக்கு எப்பிடிச் சொல்லிக்குடுக்கிறது எண்டதில இருந்துதான் இந்த நாட்டில கன விஷயம் தொடங்கினது.

பிரச்சினை முடிஞ்சுது எண்டு சொல்லேலாது. 2020-ல வட மசிடோனியா ஐரோப்பிய ஒன்றியத்தில சேர்ற பேச்சுவார்த்தையை பல்கேரியா மறிச்சது, இந்த முறை மொழியும் வரலாறும். கொட்செ டெல்செவ் எண்ட போராளி 1872-ல பிறந்த ஊர் இப்ப கிரீஸில இருக்குது, உடல் எச்சம் 1946-லயிருந்து ஸ்கோப்யேயில ஒரு தேவாலயத்தில, அவர் பல்கேரியர் எண்டு பல்கேரியத் தலைநகர் சோபியாவும் மசிடோனியர் எண்டு ஸ்கோப்யேயும் சொல்லுது. 2024 மேயில புது ஜனாதிபதி பதவியேற்கேக்க வெறும் மசிடோனியா எண்டு சொல்ல கிரீஸ் தூதுவர் எழும்பிப் போயிட்டார்.

வரலாறு படிப்பிக்கிற ஆசிரியர்மார் ஆரும் கேட்டுக்கொண்டிருந்தா, பிரெஸ்பா ஒப்பந்தத்தை ஒருக்கா எடுத்து வாசியுங்கோ, மொத்தம் 20 பிரிவுதான், ஏழையும் எட்டையும் மட்டும் வாசிச்சாலும் போதும். பிள்ளையளோட அதைப் பற்றிக் கதையுங்கோ. நன்றி, வணக்கம்.