நண்டு ஏறிய தட்டம்: கச்சான் காற்றில் ஒரு களிமண் வேலை

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பு கல்லடியில் இருந்து பேசுகிறேன். வெளியே கச்சான், அதுதான் நம்ம பக்கத்து வறண்ட காற்று, அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சக்கரம் இல்லாமல் கையாலேயே ஒரு பெரிய பரிமாறும் தட்டம் செய்யப்போகிறோம். விளிம்பில் ஒரு வாவி நண்டு, இரண்டு இறால், கொஞ்சம் கண்டல் இலை.

முதலில் மண். தயிர்ச்சட்டி செய்கிற மண்ணிலேயே செய்யலாமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அந்தச் சட்டி சுட்ட பிறகும் நீரை உறிஞ்சும், அதனால்தான் தயிர் அவ்வளவு இறுக்கமாக வருகிறது. ஆனால் அதே குணம் இதற்கு ஆகாது. மீன் ஆணத்தையும் குடித்துவிடும், பிறகு வாடை போகவே போகாது. இன்னொன்று, இந்தத் தட்டத்தைக் கடைசியில் சுடப்போவது 1200 பாகை செல்சியஸில். இரும்பு கூடிய அந்த மண் அந்தச் சூட்டில் சரிந்துவிடக்கூடும். அதனால் நான் எடுத்திருப்பது குரொக் கலந்த ஸ்டோன்வேர் களிமண், அதாவது அந்தச் சூட்டில் கல் போல இறுகுகிற மண். குரொக் என்பது ஏற்கெனவே சுட்ட மண்ணை நொறுக்கிய துகள். அது இருந்தால் மண் கோணுவது குறையும்.

பிசைந்தாயிற்று. இரண்டு பக்கமும் ஒரே உயர மரச்சட்டம் வைத்து, 8 மில்லிமீற்றர் தடிப்பில் உருட்டுகிறேன். அகலம் 40 சென்ரிமீற்றர். சுட்டு முடியும்போது ஏறக்குறைய 35 ஆகிவிடும், அதை இப்போதே நினைத்து வெட்டுங்கள். அடிப்பக்கத்தில் மட்டும் பழைய பன்பாய்த் துண்டை அழுத்துகிறேன், பின்னல் தடம் அழகாக விழும். உட்பக்கத்தில் வேண்டாம், சோற்றுப் பருக்கை சிக்கும். அப்புறம் துணி விரித்த அகன்ற தாச்சிக்குள் மெதுவாக இறக்கிவிட்டால் வளைவு தானாக வரும். கொஞ்சம் இறுகியதும் எடுத்து, அடியில் இரண்டு வளையம் ஒட்டுகிறேன். வெளி வளையம் மட்டும் இருந்தால் சூளையில் நடுப்பகுதி தொய்யும்.

சரி, நண்டுக்கு வருவோம். நண்டு ஓட்டின் உட்பக்கத்தைக் குடைந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஊசித்துளை ஒன்று போடுகிறேன். உள்ளே காற்று அடைபட்டால் வெடிக்கும் என்பார்கள். உண்மையில் வெடிக்க வைப்பது மண்ணில் தங்கிய ஈரம் ஆவியாவதுதான், அந்த ஆவி வெளியே போகத்தான் துளை. கால்களைத் தூக்கி நிறுத்தாதீர்கள். படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் கழுவும்போது முதலில் உடைவது அதுதான். விளிம்போடு படிந்து கிடக்கட்டும். தட்டமும் நண்டும் ஒரே ஈரப்பதத்தில் இருக்கும்போது, இரண்டு பக்கமும் முள்ளுக்கரண்டியால் கீறி, களிமண் கூழ் பூசி, அழுத்தி ஒட்ட வேண்டும்.

இனிமேல்தான் உண்மையான வேலை. உருவம் செய்ய ஒரு பின்னேரம் போதும், காய வைப்பதில்தான் தட்டம் தப்புவதும் தப்பாததும். கச்சானில் விளிம்பும் நண்டுக் காலும் முதலில் காய்ந்து சுருங்கும், நடுப்பகுதி இன்னும் ஈரமாக இருக்கும். அந்த இழுபறியில் விளிம்பு வெடிக்கும், கால் ஒட்டிய இடத்திலிருந்து கழன்றுவிடும். அதனால் கதவைச் சாத்துங்கள், ஃபேன் போடாதீர்கள். விளிம்பையும் நண்டையும் பொலித்தீனால் மூடி, நடுப்பகுதியை மட்டும் திறந்து வையுங்கள். எல்லாம் ஒரே பதத்துக்கு வந்த பிறகு முழுவதையும் தளர்வாக மூடி விட்டுவிடலாம். மாரியில் இதற்கு நேர் எதிர், காயவே காயாது. அடிப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் ஈரம் இருக்கிறது, சூளைக்கு அனுப்பாதீர்கள்.

முதல் சூடு 1000 பாகை வரை. 100ஐத் தாண்டும் வரை மிக மெதுவாக. 573இல் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் திடீரென விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். இப்படி அகன்ற, தட்டையான பொருள் கீறுவது அங்கேதான். தட்டம் நகர்ந்து சுருங்கட்டும் என்று அடியில் மெல்லிய மணல் தூவுவேன்.

அடுத்தது கிளேஸ், சூளையில் உருகிக் கண்ணாடி போலப் படிகிற பூச்சு. அதை நண்டின் மேல் தடிப்பாகப் பூசினால் செதுக்கியதெல்லாம் நிரம்பி மறைந்துவிடும். இரும்பு ஒக்சைட்டைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, மேட்டை மட்டும் ஸ்பொஞ்சால் துடைத்தால் பள்ளங்களில் நிறம் தங்கும். சாப்பாடு படுகிற நடுவுக்கு, உணவுக்குப் பாதுகாப்பானது என்று லேபிளில் போட்ட, ஈயம் இல்லாத கிளேஸ்தான். நம் சமையலில் புளியும் தேசிக்காயும் அதிகம், அவற்றின் அமிலம் ஈயத்தை இழுத்து எடுக்கும். நிறம் கடல் பச்சையா, வெள்ளையா? எனக்கு வெள்ளைதான் விருப்பம், நண்டுக் கறியின் சிவப்பு எடுப்பாகத் தெரியும். பச்சைக்கு ஆள் இருந்தால் கீழே எழுதுங்கள், சூளை திறப்பது அடுத்த வீடியோவில்.