பயோகெம் முதல் வருடம்: அல்லைடை ஓரங்கட்டாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரிகள் திறக்கிற நேரம். பி.எஸ்சி. உயிர்வேதியியல், பிள்ளைகள் பேச்சில் பயோகெம், எடுத்திருப்பவர்கள் முதல் வருடத்தை எப்படித் திட்டமிட்டுக்கொள்வது என்று பேச அழைத்திருக்கிறார்கள். இந்தப் பாடத்தை நெடுங்காலம் நடத்தியவள் நான். கொடுத்திருக்கும் பத்து நிமிடத்தில் பெரும்பகுதியை ஒரே விஷயத்துக்குத்தான் செலவழிக்கப் போகிறேன். என் பழைய மாணவிகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், இந்நேரம் சிரித்திருப்பார்கள். ஆமாம், அல்லைடு கெமிஸ்ட்ரிதான், முதன்மைப் பாடத்தோடு துணைப்பாடமாக வரும் வேதியியல்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடலாம். நம் ஊர்க் கல்லூரிகளில் வேண்டிய பாடத்தை வேண்டிய பருவத்தில் பொறுக்கி எடுக்கும் வசதி குறைவு. தாள்கள் பெரும்பாலும் முடிவாகித்தான் வரும். அப்படியானால் திட்டமிட என்ன இருக்கிறது? நேரம் இருக்கிறது. எந்தத் தாளுக்கு மனதைக் கொடுப்பது, எதை மேலோட்டமாகத் தாண்டுவது என்பது உங்கள் கையில்தானே.

முதல் பருவத்து டைம்டேபிளைக் கையில் வாங்கியதும் பல பிள்ளைகளுக்கு முகம் வாடிவிடும். வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பு என்றால், பல கல்லூரிகளில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்குமே சரிபாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விடும். மேஜர் என்கிற முதன்மைப் பாடத் தாளுக்கு நான்கைந்து மணிதான். அப்புறம் மேஜர் பிராக்டிகல், அல்லைடு தியரி, அல்லைடு பிராக்டிகல், என்.எம்.இ. என்கிற வேற்றுத்துறைத் தாள். "நான் பயோகெம் படிக்க வந்தேன், எங்கே பயோகெம்?" என்று ஜூன் மாதமே கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் என்னவென்றால், முதல் வருடத்தில் பயோகெம் அல்லைடு வகுப்பில்தான் நடக்கிறது.

இது சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை. எங்கள் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய அக்கா கனடாவில் டொராண்டோவில் மகன் வீட்டில். ஒரு நாள் காலையிலேயே ஓடி வந்தார். "டீச்சர், அக்காவுக்கு வெறும் வயித்துல சர்க்கரை ஏழுதான் இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்காம். ஏழு இருந்தா உசுரு தங்குமா?" அவர் பயந்ததில் தப்பே இல்லை. நமக்கெல்லாம் 90, 110, 140 என்று கேட்டுத்தானே பழக்கம். இங்கே ஏழு என்றால் ஆள் எழுந்து நிற்கவே முடியாது. அங்கே அக்கா நன்றாக உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருக்கிறார்.

அந்த அம்மாவின் மகள் அப்போது பயோகெம் முதல் வருடம். கூடவே வந்து நின்றாள். அவளைக் கேட்டேன்: "இங்கே நாம் அளப்பது 100 மில்லி ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் என்று. கனடாவில் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் என்று அளக்கிறார்கள். குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180, அதாவது ஒரு மில்லிமோல் 180 மில்லிகிராம். இப்போது சொல்லு." பேப்பரும் பேனாவும் எடுத்து வந்தாள். ஒரு லிட்டரில் ஏழு மில்லிமோல் என்றால் ஏழை 180ஆல் பெருக்கு, 1260 மில்லிகிராம். 100 மில்லிக்கு 126. வெறும் வயிற்றில் 126 என்பது என்ன? சர்க்கரை நோய் என்று டாக்டர்கள் கோடு கிழிக்கிற இடம் அது. ஆக, அக்காவுக்குச் சர்க்கரை குறையவில்லை, ஏறிக்கொண்டிருக்கிறது. அம்மாவுக்கு ஒரு பயம் போய் இன்னொரு பயம் வந்தது, அது வேறு கதை.

ஆனால் அந்தப் பெண் அப்போது கேட்டாள் பாருங்கள்: "மேம், இது அல்லைடுல வர்ற கணக்காச்சே. மேஜர்ல இது கிடையாதே?"

இதைத்தான் நான் வருடம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தேன். ரத்தச் சர்க்கரையைவிடப் பெரிய பயோகெம் எது? அந்தக் கணக்கு அல்லைடு நோட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். பருவத் தேர்வு முடிந்ததும் அந்த நோட்டைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடுகிறார்கள். பிளஸ் ஒன் வேதியியல் புத்தகமும் அதோடு போகிறது. தயவு செய்து அதைப் போடாதீர்கள். மோல், செறிவு, வேதிக் கணக்கீடு எல்லாம் அதில் தொடக்கத்திலேயே இருக்கிறது. கல்லூரி திறக்கும் முன் வேறு எதுவும் படிக்காவிட்டாலும் அந்தப் பாடத்துக் கணக்குகளை மட்டும் ஒரு தடவை போட்டுவிடுங்கள்.

பிராக்டிகலுக்கு வாருங்கள். 100 மில்லி, பத்தில் ஒரு நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு தயார் செய் என்கிறோம். நார்மல் என்பது கரைசலின் செறிவைச் சொல்லும் ஓர் அளவு. மூலக்கூறு எடை 40. லிட்டருக்கு 40 கிராம் கரைத்தால் ஒரு நார்மல். பத்தில் ஒன்று என்றால் லிட்டருக்கு நான்கு கிராம். 100 மில்லிக்கு 0.4 கிராம். இந்த மூன்று படியை மனதுக்குள் போடத் தெரியாத பிள்ளைகள் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். எடை போடும் இடத்தில் இன்னொரு வேடிக்கை. சோடியம் ஹைட்ராக்சைடு ஜவ்வரிசி மாதிரி வெள்ளை வெள்ளையாக இருக்கும். அதைத் தாளில் வைத்துவிட்டு இரண்டு நிமிடம் தோழியோடு பேசினால், காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தாளோடு பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். வாட்ச் கிளாஸில் வைத்து மளமளவென்று எடுத்துக் கரைக்க வேண்டும். அப்படிக் கரைத்தாலும் அந்த எடையை நம்ப முடியாது. அதனால்தான் ஆக்சாலிக் அமிலத்தை வைத்து டைட்ரேஷன் செய்து சரிபார்க்கிறோம். பியூரெட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு வந்து அப்படியே நின்றதும் நிறுத்துவது. பல பிள்ளைகளுக்கு அது பாஸ் மார்க் வாங்கும் சடங்கு. மூன்றாம் வருடம் என்சைம் (நொதி) பரிசோதனை சரியாக வரவில்லை என்று அழுகிறவர்களின் கரைசலைப் போய்ப் பாருங்கள், கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இன்னும் சொல்கிறேன். வினைவேக இயலில் முதல் வகை (பொருளின் அளவு கூடினால் வேகமும் கூடும்), பூஜ்ய வகை (அளவு கூடினாலும் வேகம் மாறாது) என்று அல்லைடில் படிக்கிறீர்கள். 1913இல் மைக்கேலிஸும் மாட் மென்டென் என்ற பெண்மணியும் என்சைமுக்கு எழுதிய சமன்பாடு முழுக்க அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது. என்சைம் பிடித்து மாற்றுகிற சர்க்கரை கொஞ்சமாக இருந்தால் முதல் வகை, நிரம்பி வழிந்தால் பூஜ்ய வகை. ஒளி மாற்றியம் படிக்கிறீர்கள், அதாவது வலது கை, இடது கை மாதிரி ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான மூலக்கூறுகள். உடம்பு ஏன் டி-குளுக்கோஸையும் எல்-அமினோ அமிலங்களையும் பிடித்துக்கொள்கிறது என்ற பாடத்துக்கு அதுதான் வாசல். அல்லைடு தாளில் எந்தத் தலைப்பு வந்தாலும், இது மேஜரில் எப்போது திரும்பி வரும் என்று பக்கத்தில் பென்சிலில் குறித்து வையுங்கள். தெரியவில்லை என்றால் சீனியரைக் கேளுங்கள்.

அடுத்தது கணக்கு. பிளஸ் டூவில் ப்யூர் சயின்ஸ் எடுத்தவர்கள் கணக்கை விட்டுத் தப்பித்ததாக நினைத்து இங்கே வருகிறார்கள். அமிலத்தன்மையைச் சொல்லும் பி.எச். என்பதே லாகரிதம்தான். ரத்தத்தின் பி.எச். சுமார் 7.4. அது 7.1 ஆகிவிட்டது என்று வையுங்கள். வெறும் 0.3 தானே என்று தோன்றும். உண்மையில் ஹைட்ரஜன் அயனி இரண்டு மடங்காகிவிட்டது. நோயாளியை அவசரச் சிகிச்சைக்குக் கொண்டு ஓட வேண்டிய நிலை. லாகரிதம் புரியாதவருக்கு 0.3 என்பது வெறும் 0.3 தான். ஆகவே, உங்கள் கல்லூரியில் இரண்டாவது அல்லைடைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், கணிதம் அல்லது புள்ளியியல் எடுங்கள். விலங்கியல் எடுத்தால் மார்க் வரும் என்பார்கள். வரட்டும். அதை நீங்களே படித்துக்கொள்ள முடியும், கணக்கைத் தனியாக உட்கார்ந்து படிப்பது கஷ்டம்.

இங்கே ஜி.என். ராமச்சந்திரனைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தவர். கவனியுங்கள், இயற்பியல். நம் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகளாக முறுக்கியிருக்கிறது என்று 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து சொன்னார். 1963இல் அவர் குழு கொடுத்த ராமச்சந்திரன் வரைபடத்தை வைத்துத்தான் இன்றைக்கும் உலகம் முழுவதும் புரத வடிவங்களைச் சரிபார்க்கிறார்கள். அதைப் படம் போடாமல் வானொலியில் விளக்க முடியாது, விட்டுவிடுகிறேன். கிண்டியில் ஓர் இயற்பியல்காரர் செய்த வேலை இது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நேரம் ஓடிவிட்டது. மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். நீட் மறுபடி எழுதப் போகிறவர்கள் கல்லூரியிலும் பெயர் கொடுத்திருப்பீர்கள். எழுதுங்கள். ஆனால் வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அல்லைடில் அரியர் வைக்காதீர்கள். எம்.எஸ்சி. சேர்க்கைக்குப் பல இடங்களில் மொழிப் பாடங்கள் நீங்கலான பகுதி மூன்றின் மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள், அல்லைடு அதற்குள் அடக்கம். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்கிற நுழைவுத் தேர்வு எழுத நினைத்தால், அதில் பயோடெக்னாலஜி தாளில் பிளஸ் டூ அளவுக் கணிதமும் இயற்பியலும் வரும். இரண்டாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். என்.எம்.இ. பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன். கணினித் துறை எக்செல் சொல்லிக்கொடுத்தால் அதற்குப் போங்கள், அவ்வளவுதான்.

பெற்றோருக்கு ஒன்றே ஒன்று. பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி வேறு, ரத்தப் பரிசோதனைக் கூட வேலைக்கான மெடிக்கல் லேப் டெக்னாலஜி படிப்பு வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சொல்லிச் சேர்த்திருந்தால், முதல் வாரத்திலேயே துறைத் தலைவரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். இடம் மாற்றிக்கொள்ள அப்போதுதான் வழி இருக்கும். வணக்கம்.