நிணநீர்க்குழாயின் செல்லும் இரத்தக்குழாயின் செல்லும் ஒன்றா? வியாசர்பாடி மாணவியின் கேள்வி

அடுத்த கேள்வி வியாசர்பாடியிலிருந்து. பயோடெக்னாலஜி படிக்கிற மாணவி அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன். "சார், இரத்தக்குழாயின் உள்சுவர் செல்லும் நிணநீர்க்குழாயின் உள்சுவர் செல்லும் மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. பிறகு ஏன் தனித்தனியாக வளர்க்கிறார்கள்? எங்கள் பாட்டிக்கு யானைக்கால். அதற்கும் இந்தச் செல்லுக்கும் சம்பந்தம் உண்டா?"

உண்டும்மா, நிறையவே உண்டு. நிணநீர்க்குழாய் என்பது திசுக்களில் கசிந்த நீரைத் திரும்ப இரத்தத்துக்குக் கொண்டுபோகும் குழாய். முதலில் அதன் செல்லைப் பார்த்துவிடுவோம். பாட்டியிடம் கடைசியில் வருகிறேன்.

இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவைதான். 1902-இல் ஃப்ளாரன்ஸ் சேபின் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி பன்றிக் கருக்களில் மையைச் செலுத்திப் பார்த்து, நிணநீர்க்குழாய்கள் சிரைகளிலிருந்துதான் முளைக்கின்றன என்றார். அது சரிதானா என்று பல பத்தாண்டுகள் வாதம் நடந்தது. 1999-இல் ஒரு பெரிய துப்பு கிடைத்தது. கருவின் சிரைச் சுவரில் இருக்கும் சில செல்களில் மட்டும் ப்ராக்ஸ்-1 என்ற மரபணு விழித்துக்கொள்கிறது. அந்தச் செல்கள் சிரையை விட்டு வெளியேறி, விஇஜிஎஃப்-சி என்ற புரதம் எங்கே சுரக்கிறதோ அந்தப் பக்கமாக நகர்ந்து போய்க் குழாய்களாகின்றன. ப்ராக்ஸ்-1 இல்லாமல் செய்த எலிக் கருவில் இரத்தக்குழாய்கள் உருவாயின, நிணநீர்க்குழாய்கள் உருவாகவில்லை.

இதைவிட எனக்கு வியப்பாக இருந்தது 2008-இல் வந்த முடிவு. நன்றாக வளர்ந்த நிணநீர் செல்லில்கூட ப்ராக்ஸ்-1-ஐ நிறுத்தினால், அது மெல்ல மெல்ல இரத்தக்குழாய் செல்லின் குணங்களுக்குத் திரும்பிவிடுகிறது. பிறக்கும்போது ஒருமுறை முடிவானது என்று விட்டுவிட முடியாது. அந்த மரபணு வாழ்நாள் முழுக்க வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். உன் கேள்விக்கான பதிலின் பாதி இதில் இருக்கிறது.

மீதிப் பாதி அது செய்யும் வேலையில் இருக்கிறது. இரத்தக்குழாய் செல்கள் நெருக்கமாக ஒட்டி நின்று இரத்தத்தை உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். நிணநீர் நுண்குழாயின் வேலை, திசுக்களில் கசிந்த நீரையும் புரதத்தையும் உள்ளே வாங்கிக்கொள்வது. அதன் செல்கள் ஓரம் நெளிந்த இலை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். சட்டைப் பொத்தான் மாதிரி அங்கங்கே மட்டும்தான் பிணைப்பு. இரண்டு பொத்தானுக்கு நடுவே இருக்கும் இடைவெளி வழியாக நீர் உள்ளே போகும்.

நம் பக்கத்தில் மழை கொட்டினால் என்ன ஆகும்? வியாசர்பாடி ஜீவா ரயில்வே ஸ்டேஷன் பக்கம் தண்ணீர் ஏற ஏற, வடிகால் வாய் குப்பையில் அடைபடும். நிணநீர்க்குழாயில் இதற்கு நேர்மாறான ஏற்பாடு. செல்லின் வெளிப்புறத்தை மெல்லிய நார்கள் சுற்றியுள்ள திசுவோடு கட்டிப் பிடித்திருக்கின்றன. திசு நீரால் உப்பும்போது அந்த நார்கள் இழுபட்டு, வாய் இன்னும் அகலமாகத் திறக்கும். வெள்ளம் ஏறினால் தானாகத் திறக்கும் மதகு. எத்தனை முறை பாடம் எடுத்தாலும் இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிடுவேன்.

சரி, ஆய்வகத்துக்கு வருவோம். மனிதத் தோலிலிருந்துதான் இந்தச் செல்களைப் பெரும்பாலும் எடுக்கிறார்கள். தோலை நொதியால் கரைத்தால் எல்லாச் செல்லும் கலந்து வரும். மேற்பரப்பில் சிடி31 என்ற அடையாளப் புரதம் இருந்தால் குழாய்ச் செல் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் இரத்தக்குழாய் செல்லிலும் அது உண்டு. அதனால் அதோடு போடோபிளானின் என்ற புரதமும் இருப்பவற்றைக் காந்தமணி ஒட்டிய ஆன்டிபாடியால் பிடித்துப் பிரிப்பார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஒரே ஒரு அடையாளத்தை நம்பாதே. போடோபிளானின் நுரையீரலின் காற்றறைச் செல்களிலும் சிறுநீரகத்திலும் இருக்கிறது. லைவ்-1 என்ற இன்னொரு புரதம் கல்லீரலின் நுண்குழாய்களிலும் கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் சிலவற்றிலும் தெரியும். உட்கருவில் ப்ராக்ஸ்-1 மரபணு தரும் புரதம், மேற்பரப்பில் போடோபிளானின், கூடவே சிடி31, இவை ஒரே செல்லில் சேர்ந்து தெரிந்தால்தான் நான் ஒத்துக்கொள்வேன்.

அப்புறம் பாஸேஜ். பிளாஸ்கில் செல்கள் நிரம்பியதும் டிரிப்சின் என்ற நொதியைப் போட்டு எடுத்து, பிரித்துப் புது பிளாஸ்குக்கு மாற்றுகிறோம் இல்லையா, அதைப் பலமுறை செய்தால் இந்தச் செல்கள் தங்கள் அடையாளத்தை இழக்கத் தொடங்கும். ஆராய்ச்சியைத் தொடங்கிய காலத்தில் நான் ஒரு பிளாஸ்கை மாதக்கணக்கில் வளர்த்தேன். செல்கள் அழகாக, கூழாங்கல் பரப்பிய மாதிரி இருந்தன. கடைசியில் சாயம் ஏற்றிப் பார்த்தால் பாதிச் செல்லில் ப்ராக்ஸ்-1 இல்லை. அதுவரை எடுத்த அளவீடு எதையும் நான் பயன்படுத்தவில்லை. அன்றிலிருந்து ஆரம்பப் பாஸேஜ்களோடு நிறுத்திக்கொள்கிறேன். சோதனைக்கு முன்பும் பின்பும் ப்ராக்ஸ்-1 பார்க்கிறேன். நீயும் அப்படியே செய்.

இப்போது பாட்டி. யானைக்கால் ஃபைலேரியா என்ற புழுவால் வருகிறது. நம் ஊரில் அதைப் பரப்புவது க்யூலெக்ஸ் கொசு. சாக்கடைத் தண்ணீரில், பக்கிங்காம் கால்வாய் மாதிரித் தேங்கிய அழுக்குத் தண்ணீரில் பெருகும். புழுக்குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் அதிகம் சுற்றும். அதனால்தான் ஃபைலேரியா ஊழியர்கள் இரவில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள். பெரிய புழு தங்குவது நிணநீர்க்குழாய்க்குள். பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம், நூல் போல இருக்கும், பல வருடம் உயிரோடு இருக்கும். அது இருக்கும் இடத்தில் குழாய் விரிந்து தொளதொளத்துப் போகும், வால்வுகள் சரியாக மூடாது, நீர் கீழே தேங்கும். அடைப்பு மட்டும்தான் காரணம் என்று முன்பு நினைத்தார்கள். தொற்று உள்ளவர்களின் சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்த பின் மிஞ்சும் தெளிந்த நீரை, நாம் இவ்வளவு நேரம் பேசிய அதே செல்கள் மீது ஊற்றிப் பார்த்தபோது, அவை பெருகவும் குழாய் வடிவம் எடுக்கவும் தொடங்கின. அப்படியென்றால் அந்தச் செல்லையே மாற்றும் ஏதோ ஒன்று இரத்தத்தில் ஓடுகிறது. அது எது என்று தேடத்தான் இரத்தக்குழாய் செல் கலக்காத, சுத்தமான நிணநீர் செல் வேண்டும்.

பாட்டியின் கால் பழையபடி ஆகும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் திரும்பத் திரும்ப வரும் காய்ச்சலையும் நெறி கட்டுவதையும் குறைக்க முடியும். நீர் தேங்கிய காலில் சின்ன வெடிப்பு வழியாகக் கிருமி நுழைந்துதான் ஒவ்வொரு முறையும் வீக்கம் கூடுகிறது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துணியால் ஒற்றி ஈரம் போகத் துடைத்துவிடு. உட்காரும்போது காலை உயர்த்தி வைக்கச் சொல். வெடிப்போ புண்ணோ இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடும்மா.