பெட்டிக்குள்ளே எவ்வளவு காசு இருக்கிறது?

வணக்கம் உறவுகளே. மேசையில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது பாருங்கோ, இது போன வருஷம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த ஸ்கார்பரோ மாமா கொண்டுவந்து தந்த ஸ்பீக்கர் சோடியில் ஒன்று. ஒவ்வொன்றும் ஒன்பது கிலோ. பெட்டியில் உடுப்புக்கு இடமில்லாமல், மனுசன் இங்கே வந்து இரண்டு சேர்ட் வாங்கிப் போட்டுக்கொண்டு திரிந்தார். கனடாவில் சோடி 2000 டொலர். கம்பனியின் பெயரைச் சொல்லமாட்டேன். பழுதாக்கியதும் நான்தான்: மருமகளின் பிறந்தநாளன்று வொலியூமைக் கடைசிவரை திருகி, கீச்சுச் சத்தம் போடுகிற சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரைச் சுட்டுவிட்டேன்.

கழற்றிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுத் தம்பி எட்டிப் பார்த்தான். "அண்ணை, உள்ளுக்கு இவ்வளவுதானா? இதுக்கா நாலு லட்சத்துக்கு மேலே?" என்றான்.

சரி, அவன் கேட்டது நியாயம்தான், எண்ணியே பார்ப்போம். கமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன். இது தடித்த சத்தம் போடுகிற வூஃபர்: கடதாசிக் கூம்பு, சுற்றிவர றப்பர் விளிம்பு, பின்னால் சிரட்டை அளவில் ஒரு ஃபெரைட் காந்தம். இது நான் சுட்ட ட்வீட்டர். முன்னால் இருப்பது துணிக் குமிழ், நகம் பட்டாலே பள்ளம் விழும். அதன் பின்னால் தலைமயிர் மாதிரி ஒரு கம்பிச் சுருள், கருகிப்போய் இருக்கிறது, மணக்கவும் செய்கிறது. இது கிராஸ்ஓவர், எந்தச் சத்தம் வூஃபருக்கு, எந்தச் சத்தம் ட்வீட்டருக்கு என்று பிரித்து அனுப்புகிற பலகை. இரண்டு செப்புக் கொயில், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு வெள்ளைச் சீமெந்து ரெசிஸ்டர். மிச்சமெல்லாம் 18 மில்லிமீற்றர் எம்டிஎஃப் பலகையும், மேலே ஒட்டிய வால்நட் மரத்தோலும், தலையணைப் பஞ்சு மாதிரி ஒன்றும்தான்.

ஆயிரக்கணக்கில் வாங்குகிற கம்பனிக்கு, என் கணக்கில், இவ்வளவும் சோடிக்கு 400 டொலர் வந்தால் பெரிய விஷயம். இந்தத் துறையில் உதிரிச் செலவைப் போல நாலைந்து மடங்குதான் கடை விலை என்று சாதாரணமாகச் சொல்வார்கள். கடைக்காரரின் பங்கே பெரும்பாலும் 40 வீதத்துக்குக் கிட்ட வரும். பிறகு சம்பளம், விளம்பரம், கப்பல் கூலி. அதே சாமான் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கினால் சுங்கவரி, அதற்கு மேலே 2024 தை மாதத்திலிருந்து 18 வீத வற், பிறகு இங்கே வர லொறிக் கூலி. இதில் ஒரு சதமும் உங்கள் காதுக்கு வராது.

அதனால்தான் தம்பியின் பக்கம் நின்று, நானே ஒரு சோடி செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். நோர்வேயில் செய்த வூஃபர், டென்மார்க்கில் செய்த ட்வீட்டர், இதைவிடத் திறம் சாமான். பெட்டிக்குக் கோண்டாவிலில் ஒரு தச்சு அண்ணையைப் பிடித்தேன். பெட்டி எத்தனை லீற்றர் இருக்கவேண்டும் என்பதில் ஒரு மந்திரமும் இல்லை. நெவில் தீல் என்ற அவுஸ்திரேலியர் 1961இல் எழுதி, ரிச்சர்ட் ஸ்மோல் எழுபதுகளில் விரித்த கணக்கு அது. வூஃபரோடு வருகிற தாளில் உள்ள இலக்கங்களை ஒரு இலவச மென்பொருளில் போட்டால் லீற்றரைச் சொல்லிவிடும். எல்லாமாக ஒரு லட்சத்து அறுபதாயிரம். மாமாவுக்குப் படம் எடுத்து அனுப்பிப் பெருமையும் அடித்துவிட்டேன்.

பிறகுதான் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் பதிவு ஒன்றைப் போட்டேன். தொப்பிப் பக்கம் கழி விழுகிற சத்தம் நன்றாகவே இருந்தது, நெஞ்சில் தட்டியது. ஆனால் வலப்பக்கத் தோலான வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் ஓடத் தொடங்கியதும் யாரோ தகரத்தில் கல்லெறிகிற மாதிரி. நாதஸ்வரம் வந்ததும் அம்மா குசினிக்குள்ளிருந்து "உதை நிப்பாட்டு" என்றார்.

என்ன பிழை? தாளில் இருக்கிற அளவுகள் பெரிய தட்டையான பலகையில் பூட்டி எடுத்தவை. என் பெட்டி 20 சென்ரிமீற்றர் அகலம். அப்படிப்பட்ட பெட்டியில் சுருதி 600 ஹேர்ட்ஸ் அளவிலிருந்து கீழே இறங்க இறங்க, சத்தம் முன்னால் மட்டும் போகாமல் பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போய்விடும். முன்னால் இருப்பவருக்கு 6 டெசிபல் வரைக்கும் குறையலாம். தடித்த சத்தம் குறைந்தால் கீச்சுச் சத்தம் தூக்கித் தெரியும், அதுதான் அந்தத் தகரம். கொயிலையும் ட்வீட்டருக்குப் போகிற மின்சாரத்தைக் குறைக்கிற ரெசிஸ்டரையும் மாற்றவேண்டும். எவ்வளவுக்கு? அளந்து பார்க்காமல் தெரியாது.

அளக்க ஒரு மைக் வாங்கினேன். அறைக்குள் அளந்தால் சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தமும் சேர்ந்து வரும். பெரிய கம்பனிகளுக்கு எதிரொலியே இல்லாத அறை இருக்கிறது. ஒட்டாவாவில் உள்ள தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் அறையில்தான் பல கனேடியக் கம்பனிகள் தங்கள் ஸ்பீக்கர்களை அளந்து வளர்த்தன. எனக்கு இருந்தது வீட்டுக்குப் பின்னால் உள்ள வெறுங்காணி. இரவு இரண்டு மணிக்கு ஏணி உச்சியில் ஸ்பீக்கரைக் கட்டி, ஒரு மீற்றர் முன்னால் மைக்கை நிறுத்தி அளந்தேன். ஒரு நாய் குரைத்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும், எங்கள் ஒழுங்கையில் ஒரு நாய் தனியாகக் குரைத்து நான் கண்டதில்லை.

மூன்று மாதம். இதோ, முடிவு என் விரல் நுனியில் இருக்கிறது பாருங்கோ: 3.3 ஓம் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டுப் போட்ட 5.6 ஓம் ரெசிஸ்டர். கொயிலும் கொஞ்சம் பெரிதானது, ஆனால் காதுக்கு உடனே தெரிந்தது இதுதான். ட்வீட்டர் ஏறத்தாழ 2 டெசிபல் அடங்கியது, வலந்தலை தோலாக மாறியது. இதன் விலை ஒரு பிளேன்ரீயை விடக் குறைவு. அந்த 2000 டொலர்ப் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளை ரெசிஸ்டரும் அதே விலைதான், ஆனால் எந்த இலக்கம் என்று கண்டுபிடித்தவருக்குக் கொடுத்த சம்பளமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. உதிரிகளை எண்ணுகிறவர் கண்ணுக்கு அது படாது.

பழைய உதாரணம் ஒன்று. எழுபதுகளில் பிபிசி தன் வெளிக்கள ஒலிபரப்பு வான்களுக்காக எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரை வடிவமைத்தது. அதில் இருந்தது கெஃப் கம்பனியின் பி110 வூஃபர். அதே பி110ஐ லின் கம்பனி தன் கான் என்ற ஸ்பீக்கரிலும் போட்டது. வூஃபர் ஒன்றேதான், ட்வீட்டரும் கிராஸ்ஓவரும் வேறு, சத்தம் இரண்டு குணம். எது திறம் என்று ரசிகர்கள் இன்றைக்கும் அடிபடுகிறார்கள்.

அதற்காக விலைச்சீட்டைப் பார்த்துக் கும்பிடவும் வேண்டாம். பெரிலியம் என்ற உலோகத்தில் செய்த ட்வீட்டர்க் குமிழ், தடித்த அலுமினியப் பெட்டி இவற்றுக்கெல்லாம் உண்மையிலேயே செலவு இருக்கிறது. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேலே நீங்கள் தளபாடத்துக்கும் பெயருக்கும்தான் காசு கொடுக்கிறீர்கள். ஒலி ஆராய்ச்சியாளர்களான ஃபிளோய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட சோதனையில், ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு கேட்டவர்கள் பெரிய, விலைகூடிய பெட்டிகளுக்கு அள்ளிப் புள்ளி போட்டார்கள். திரை போட்டு மறைத்ததும் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. கஸ்தூரியார் வீதியில் நகை வாங்கினால் பவுண் விலை இவ்வளவு, செய்கூலி இவ்வளவு என்று கேட்டுப் பேரம் பேசலாம். ஸ்பீக்கர் கடையில் அந்தப் பேச்சே இல்லை, எனக்குக் கோபம் அதில்தான்.

தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட வீடு எங்களுடையது. அப்பா இன்றைக்கும் அந்த நாலு அங்குல ஸ்பீக்கர்தான் திறம் என்பார். அவரோடு நான் வாதாடுவதில்லை.

இப்போது தம்பிக்கும் அதே மாதிரி ஒரு சோடி வேண்டுமாம். இலக்கமெல்லாம் என்னிடம் இருக்கிறது, ஒரு கிழமை வேலைதான் என்று அவனையும் கூட்டிக்கொண்டு கோண்டாவிலுக்குப் போனேன். தச்சு அண்ணை போன முறையைவிட இரண்டு மடங்கு கேட்டார். பலகை விலை ஏறவில்லையே என்றேன். "பலகை அதே விலைதான் தம்பி. போன முறை எனக்கு வேலை தெரியாது" என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். முற்பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். பெட்டி வந்ததும் அடுத்த வீடியோவில் சந்திப்போம்.