அதே நாலு கார்டு, வேற வேற பாட்டு: பாப் பங்க்கைக் கூர்ந்து கேட்பது எப்படி

[திரை: இரண்டு பாட்டுகளின் அலைவடிவம், மேலே ஒன்று, கீழே ஒன்று]

பாப் பங்க்ங்கறது பங்க் ராக்கோட வேகமும் பாப் மெட்டும் கலந்த கிட்டார் இசை. மேல ஓடுறது கிரீன் டே பேண்டோட 'வென் ஐ கம் அரவுண்ட்'. 1994-ல வந்த 'டூக்கி' ஆல்பம். கீழ ஓடுறது பிளிங்க்-182 பாடின 'டேமிட்'. 1997, 'டியூட் ரான்ச்' ஆல்பம். ரெண்டுக்கும் கார்டு (சேர்ந்து ஒலிக்கற ஸ்வரக் கூட்டு) வரிசை ஒண்ணேதான்: ஸ்கேல்ல முதலாவது, அஞ்சாவது, ஆறாவது, நாலாவது. கிரீன் டே பாட்டுல விரல் வைக்கிறது ஜி, டி, இ மைனர், சி. பிளிங்க் பாட்டுல சி, ஜி, ஏ மைனர், எஃப். இதே வரிசையை ஆறாவதுலேருந்து ஆரம்பிச்சுப் பாருங்க: ஆறு, நாலு, ஒண்ணு, அஞ்சு. அது தி ஆஃப்ஸ்பிரிங்கோட 'செல்ஃப் எஸ்டீம்'. அதுவும் 1994.

மூணையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்க. முதல் பாட்டு சாவகாசமா, தோளைத் தொங்கப் போட்டுட்டு நடக்குது. ரெண்டாவது தலைதெறிக்க ஓடுது. மூணாவதுல வெர்ஸ் (சரணம்) முழுக்க பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் பாட்டைத் தூக்கிட்டுப் போகுது, கோரஸ் (திரும்பத் திரும்ப வர்ற பகுதி) வந்தப்புறம்தான் கிட்டார் மொத்தமா வந்து விழுது. "பாப் பங்க்ல எல்லாப் பாட்டும் ஒரே மாதிரிதானே"ன்னு சொல்றவங்க கிட்டாரிஸ்ட்டோட இடது கையை மட்டும் பார்க்கறாங்க. இந்த வகைப் பாட்டுல ஒண்ணை இன்னொண்ணுலேருந்து பிரிச்சுக் காட்டுறது வலது கை. அதுக்கு அடுத்தது டிரம்மர். இந்த வீடியோ முழுக்க அதைத்தான் கேட்கப் போறோம்.

[திரை: கிட்டார் கழுத்து, மிக அருகில். மூன்று கம்பிகளை அழுத்திய விரல்கள்]

இடது கையை முதல்லயே முடிச்சிடலாம், அங்க வேலை குறைவு. பவர் கார்டுங்கறது ரெண்டே ஸ்வரம், ஸாவும் பாவும். கூட மேல் ஸ்தாயி ஸா சேர்த்துக்கலாம். மேஜரா மைனரான்னு காட்டிக் கொடுக்கற காந்தாரம் அதுல கிடையாது. ஏன் விட்டாங்க? டிஸ்டார்ஷன், அதாவது வேணும்னே கரகரப்பாக்கின சத்தம்தான் காரணம். ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கற பெட்டி) சிக்னலை நசுக்கும்போது, சேர்ந்து ஒலிக்கற ரெண்டு ஸ்வரமும் தங்களோட கூட்டல் கழித்தல் அதிர்வுகளையும் உண்டாக்கிடும். ஸா-பா விகிதம் 2-க்கு 3. கழிச்சா 1, அதாவது அதே ஸாவோட கீழ் ஸ்தாயி. யாரும் வாசிக்காத ஒரு ஸா அடியில வந்து உட்கார்ந்துக்கும், கார்டு கனமாகும். காந்தாரத்தைச் சேர்த்தா இந்த வசதி போயிடும். கிட்டார் ஃப்ரெட்டுல (கழுத்து மேல இருக்கற உலோகக் கோடு) பஞ்சமம் சுத்த சுருதியை விட 2 சென்ட்தான் தள்ளி இருக்கு. மேஜர் கார்டோட காந்தாரம் கிட்டத்தட்ட 14 சென்ட் ஏறி இருக்கு. அரை ஸ்வர இடைவெளி 100 சென்ட். டிஸ்டார்ஷன் இல்லாதப்போ அந்த 14 காதுல உறுத்தாது. கெயினை (டிஸ்டார்ஷன் அளவை) ஏத்தினா கார்டு கலங்கிப் போய் அடிக்கும்.

இதனால பாடகருக்கு ஒரு பெரிய லாபம். கிட்டார் விட்டுட்ட காந்தாரம் குரலுக்குக் காலியா கிடைக்குது. பாட்டு குதூகலமா, வலியான்னு மெட்டுதான் முடிவு பண்ணும். மான்செஸ்டர்லேருந்து பஸ்காக்ஸ் 1978-ல கொடுத்த 'எவர் ஃபாலன் இன் லவ்' இதுக்கு ஆரம்பகாலச் சாட்சி. கீழ கிட்டார் விரட்டுது, மேல பீட் ஷெல்லியோட குரல் காதல்ல அடிபட்டு நிக்குது. பாப் பங்க்கோட அடிப்படைக் குணம் முழுக்க அந்த மூணு நிமிஷத்துக்குள்ளயே இருக்கு.

[திரை: வலது கை, பிரிட்ஜ் பக்கத்தில்]

இப்ப வலது கை. பாம் மியூட்னா, உள்ளங்கையோட சுண்டுவிரல் பக்க ஓரத்தை பிரிட்ஜுக்கு (கம்பிங்க கீழ்முனையில பதியற பாகம்) பக்கத்துல கம்பி மேல லேசா வச்சுட்டு அடிக்கறது. கம்பி சேடில்லேருந்து (பிரிட்ஜுல கம்பி தங்கற மேடு) கிளம்புற இடம்தான் சரியான இடம். சேடிலுக்குப் பின்னால போயிட்டா மியூட்டே ஆகாது. ஒண்ணு ஒண்ணரை சென்டிமீட்டர் முன்னால வந்துட்டா ஸ்வரமே செத்துப் போய் 'டொக் டொக்'னு கட்டை சத்தம்தான் மிஞ்சும். பலமா அழுத்தினா சுருதி ஏறிடும், அதுவும் மிதக்கற பிரிட்ஜ் இருக்கற கிட்டார்ல உடனே தெரியும்.

பெரும்பாலும் தப்பு நடக்கறது கையில இல்ல, ஆம்ப்ல. கெயினை முழுசா ஏத்தி வச்சா மியூட் பண்ணின அடியும் திறந்த கார்டும் ஒரே சத்தத்துக்கு வந்துடும். வித்தியாசம் போச்சுன்னா பாட்டே போச்சு. திறந்த கார்டு ரெண்டு மூணு வினாடி நிக்கணும், மியூட் அடி சட்டுனு முடியணும். அந்த ரெண்டும் கிடைக்கற வரைக்கும் கெயினைக் குறைச்சுட்டே வாங்க. மெட்டலுக்கு வைக்கறதை விட நல்லாவே கீழ வந்து நிக்கும். பிக்கப் (கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கற பாகம்) பிரிட்ஜ் பக்கத்து ஹம்பக்கரா (இரட்டைச் சுருள் பிக்கப்) இருந்தா நல்லது. அங்க கம்பியோட ஆட்டம் சின்னது, அதனால அடி கூர்மையா கேட்கும். கிரீன் டே பாடகர் பில்லி ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கோட நீலக் கலர் ஃபெர்னாண்டஸ் கிட்டார்ல பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர்தான். பிளிங்க்-182 கிட்டாரிஸ்ட் டாம் டிலாங் பேருல வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர்ல பிரிட்ஜ் ஹம்பக்கர் ஒண்ணு, வால்யூம் திருகி ஒண்ணு, வேற எதுவுமே கிடையாது.

[திரை: 'பாஸ்கெட் கேஸ்' என்ற எழுத்து, அடியில் ஓடும் கடிகாரம்]

இதை முழுசா கேட்க ஒரே ஒரு பாட்டு எடுக்கணும்னா, எங்க தேர்வு கிரீன் டேயோட 'பாஸ்கெட் கேஸ்'. ஹெட்ஃபோன் போட்டுக்குங்க.

முன்னிசையே கிடையாது. முதல் அடியிலயே குரல், கூடவே மியூட் பண்ணின கிட்டார். பேஸ் இல்ல, டிரம்ஸ் இல்ல. கார்டுங்க பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாகல்பெல்லோட 'கேனன்' போற வழியிலதான் போகுது: ஒண்ணு, அஞ்சு, ஆறு, மூணு, நாலு, ஒண்ணு, அஞ்சு. வெர்ஸ் முடிஞ்சு கோரஸ் வருது. மத்த பாட்டா இருந்தா இங்க மொத்த பேண்டும் உள்ள வந்திருக்கும். இதுல வரல! கோரஸோட பாதியைத் தாண்டித்தான், கிட்டத்தட்ட அரை நிமிஷத்துக்கப்புறம், மைக் டர்ன்ட்டோட பேஸும் ட்ரே கூலோட டிரம்ஸும் சேருது. எதிர்பார்த்த இடத்துல கொடுக்காம தள்ளிக் கொடுக்கறாங்க. மூணு நிமிஷப் பாட்டுல அரை நிமிஷத்தை இப்படிக் காக்க வைக்க ரொம்ப தைரியம் வேணும். அந்த இடத்துல வர்ற அதிர்ச்சிக்குக் காரணம் சத்தம் கூடினது மட்டும் இல்ல, அது வரைக்கும் உள்ளங்கை கம்பி மேலயே இருந்தது. அடுத்த தடவை குரலை விட்டுட்டு ட்ரே கூல் ஒவ்வொரு வரியோட முடிவுலயும் டாம்ஸ் டிரம்ல போடற ஃபில்லை (இடைவெளியை நிரப்பற சின்ன அடி வரிசை) மட்டும் கேளுங்க. பாடகர் மூச்சு வாங்கற இடமெல்லாம் அவர் நிரப்பறார்.

கூடவே வாசிச்சுப் பார்க்கறவங்களுக்கு ஒரு விஷயம். சாதாரண ட்யூனிங்ல வாசிச்சா பாட்டோட ஒட்டவே ஒட்டாது, ஏன்னா ஆறு கம்பியையும் அரை ஸ்வரம் இறக்கியிருக்காங்க. தடிச்ச கம்பியிலேருந்து: இ ஃப்ளாட், ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட், ஜி ஃப்ளாட், பி ஃப்ளாட், இ ஃப்ளாட். 'வென் ஐ கம் அரவுண்ட்'டும் அப்படித்தான். இறக்கினதும் கம்பி தளர்ந்து ஃப்ரெட்டுல உரசினா, ஒரு சைஸ் தடிமனான கம்பி செட் போடுங்க.

[திரை: கீழ்நோக்கி மட்டும் அடிக்கும் பிக், மெதுவான ஓட்டத்தில்]

அடுத்தது டவுன் ஸ்ட்ரோக். இது நியூயார்க் பங்க் பேண்ட் ரமோன்ஸ்கிட்டேருந்து வந்தது. 1976-ல அவங்க முதல் ஆல்பம் வந்தது. அவங்க கிட்டாரிஸ்ட் ஜானி ரமோன் மேல்நோக்கி அடிச்சது அபூர்வம், கிட்டத்தட்ட எல்லாமே கீழ்நோக்கித்தான். மேல்நோக்கி அடிச்சா பிக் மெல்லிய கம்பியை முதல்ல தொடும், அடி லேசாகும். கீழ்நோக்கி அடிச்சா ஒவ்வொரு தடவையும் தடிச்ச கம்பியிலயே இறங்கும், எட்டு அடியும் ஒரே எடை. கணக்கு போட்டா 170 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 170 தாள அடி) எட்டாம் பாக அடி, அதாவது ஒரு தாள அடிக்கு ரெண்டு, நிமிஷத்துக்கு 340. முன்கையை இறுக்கிப் பிடிச்சா பாட்டு முடியறதுக்குள்ள எரிய ஆரம்பிச்சுடும். அசைவு மணிக்கட்டுலேருந்து வரணும், பிக்கோட நுனி 3, 4 மில்லிமீட்டர்தான் வெளிய தெரியணும். 120-ல ஆரம்பிச்சு அஞ்சஞ்சா ஏத்துங்க. வலிச்சா நிறுத்திடுங்க, தாங்கிட்டு வாசிச்சா கைதான் கெட்டுப்போகும்.

[திரை: ஸ்னேர் மட்டும்]

டிரம்ஸ்ல கவனிக்க வேண்டியது ஸ்னேர் (பளார்னு வெடிக்கற டிரம்) எங்க விழுதுங்கறது. 170 பிபிஎம்ல சாதாரணமா நாலு அடிச் சுற்றுல ரெண்டுலயும் நாலுலயும் விழுந்தா நிமிஷத்துக்கு 85 அடி. டபுள் டைம்ல 170. ஹாஃப் டைம்ல மூணுல மட்டும் விழும், 42-43 அடி. மூணுலயும் டெம்போ ஒண்ணுதான், மாறறது ஸ்னேர் மட்டும்தான். ஆனா ஓடிட்டு இருந்த பாட்டு திடீர்னு நடக்க ஆரம்பிச்ச மாதிரி இருக்கும். கடைசி கோரஸுக்கு முன்னாடி வர்ற பகுதியில பல பேண்டுங்க ஹாஃப் டைமுக்கு இறங்கறது இதனாலதான். 1998-ல டிரம்மர் டிராவிஸ் பார்க்கர் வந்தப்புறம் பிளிங்க்-182 வேற பேண்ட் மாதிரி ஆனதுக்கும் இதுதான் காரணம்னு சொல்லலாம். 'ஆல் தி ஸ்மால் திங்ஸ்'ல கார்டு மூணேதான், சி, ஜி, எஃப். அது அலுக்காம இருக்குன்னா டிரம்ஸைக் கேளுங்க.

[திரை: இடது, வலது ஒலிபெருக்கி]

அந்தப் பாட்டு வந்த 1999-ஓட 'எனிமா ஆஃப் தி ஸ்டேட்' ஆல்பத்தைத் தயாரிச்சவர் ஜெர்ரி ஃபின். 'டூக்கி'யோட மிக்ஸிங்லயும் அவர் கை இருக்கு. 2001-ல சம் 41-ஓட 'ஆல் கில்லர் நோ ஃபில்லர்' தயாரிப்பும் அவர்தான். உங்க தொகுப்புல இந்த மூணும் இருந்தா வரிசையா கேளுங்க, ஒலி எப்படி வழவழப்பாகிட்டே வருதுன்னு தெரியும்.

இந்த மாதிரி கிட்டார் அகலமா கேட்கறதுக்கு வழி, ஒரே பகுதியை ரெண்டு தடவை வாசிச்சு ஒண்ணை முழுசா இடதுலயும் இன்னொண்ணை முழுசா வலதுலயும் வைக்கறது. ஒரு தடவை வாசிச்ச பதிவை காப்பி பண்ணி ரெண்டு பக்கமும் வச்சா அகலம் வராது. ரெண்டும் அச்சு அசலா ஒண்ணுங்கறதால காது அதை நடுவுலதான் கேட்கும். வாசிக்கும்போது வர்ற மில்லிசெகண்ட் வித்தியாசம்தான் அகலம். ஆனா இடமும் வலமும் சரியா ஒரே நேரத்துல நிக்கலைன்னா நீங்க நிறுத்தற இடமெல்லாம் பிசிறடிக்கும், அதனால மியூட் பகுதிகளை ரொம்ப கறாரா வாசிக்கணும்.

குரலைப் பத்தி ரெண்டு வார்த்தை. ஃபால் அவுட் பாய் பேண்டுல பீட் வென்ட்ஸ் வரிகளை எழுதுவார், பேட்ரிக் ஸ்டம்ப் அதுக்கு மெட்டு போடுவார். 2005-ல வந்த 'சுகர், வி'ர் கோயிங் டவுன்'ல வார்த்தைங்க தாளச் சுற்றுக்குள்ள அடங்காம வழியறது அதனாலதான், அதுதான் அந்தப் பாட்டோட அழகும். பாரமோர் பேண்டோட 'மிஸரி பிசினஸ்', 2007. பாடகி ஹேலி வில்லியம்ஸ் கோரஸ்ல குரலை மேல ஏத்தற விதத்தைக் கேட்டுட்டு, 2021-ல ஒலிவியா ரோட்ரிகோ பாடின 'குட் 4 யூ' கோரஸைக் கேளுங்க. 'மிஸரி பிசினஸ்' எழுதின ஹேலி வில்லியம்ஸும் ஜாஷ் ஃபேரோவும் பின்னால அந்தப் பாட்டோட எழுத்தாளர் பட்டியல்ல சேர்க்கப்பட்டாங்க.

[திரை: பாட்டுப் பட்டியல்]

கடைசியா, இதையெல்லாம் ஒரே பட்டியல்ல வைக்கும்போது என்ன கெடும்?

முதல்ல சத்த அளவு. 1978 பதிவுக்கு அடுத்து 2004 பதிவு வந்தா காது அதிரும், ஏன்னா பின்னால வந்தவங்க மாஸ்டரிங்ல (வெளியிடறதுக்கு முன்னாடி செய்யற கடைசி ஒலிச் சீரமைப்பு) ரொம்ப நசுக்கியிருப்பாங்க. கோப்புகளுக்கு ரீப்ளேகெயின் டேக் (பிளேயர் சத்தத்தைச் சமப்படுத்த உதவற குறிப்பு) போடுங்க. கலந்து கேட்கும்போது டிராக் அளவு, ஆல்பமா கேட்கும்போது ஆல்பம் அளவு. ஆல்பத்துக்கு டிராக் அளவு வச்சா, மெதுவா இருக்க வேண்டிய பாட்டும் சத்தமா வந்துடும்.

அடுத்து கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டு தேயும்போதே அடுத்ததைக் கலக்கற வசதி) அணைச்சுடுங்க. பாப் பங்க் பாட்டு பெரும்பாலும் வெட்டினாப்புல முடியும், அந்த வெட்டுதான் கிராஸ்ஃபேடுல முதல்ல அழியும்.

ஷஃபிள்ல போடும்போது ஒட்டிப் பிறந்த பாட்டுங்களைப் பிரிக்காதீங்க. 'டூக்கி'ல 'சம்ப்' நேரா 'லாங்வியூ'க்குள்ள போகும். 1995-ல வந்த 'இன்சோம்னியாக்'ல 'பிரெயின் ஸ்ட்யூ' முடியற நொடியில 'ஜேடட்' வெடிக்கும். இந்த ஜோடி ஒவ்வொண்ணையும் ஒரே கோப்பா சேர்த்து வச்சுக்கறது நல்லது. எம்பி3-யா மாத்தினா கோப்போட முன்னாலயும் பின்னாலயும் ஒரு துளி மௌனம் சேரும், பிளேயர் கேப்லெஸ் (பாட்டுங்களை இடைவெளி இல்லாம ஓட்டற) வசதி உள்ளதா இல்லைன்னா இந்த இணைப்புல ஒரு தடுக்கல் கேட்கும். ஃபிளாக்ல (ஒலி எதுவும் இழக்காத கோப்பு வகை) அந்தத் தொல்லை கிடையாது.

'டூக்கி' சிடியோட கடைசி டிராக் 'எஃப்.ஓ.டி'. பாட்டு முடிஞ்சு ஒரு நிமிஷத்துக்கு மேல மௌனம், அப்புறம் ட்ரே கூல் பாடற மறைஞ்ச பாட்டு ஒண்ணு. கலப்புப் பட்டியலுக்கு மட்டும் அதை ரெண்டா வெட்டின ஒரு பிரதி வச்சுக்குங்க. ஆல்பம் கோப்புல கை வைக்க வேண்டாம்.