ஸ்வாப்பை நிறுத்தினால் கணினி வேகமாகுமா?

[திரையில்: மடிக்கணினியின் வன்தட்டு விளக்கு விடாமல் சிமிட்டுகிறது]

"ஸ்வாப்பை நிறுத்துங்கள், கணினி பறக்கும்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், இந்த வீடியோவை முழுதாகப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். திருகோணமலையிலிருந்து உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

திறந்திருக்கும் நிரல்கள் கேட்கும் நினைவகம் ரேமின் கொள்ளளவை மிஞ்சும்போது, நெடுநேரம் தொடப்படாத பக்கங்களை, அதாவது பெரும்பாலும் 4096 பைட் அளவுள்ள துண்டுகளை, இயங்குதளம் வட்டில் இதற்கென ஒதுக்கிய இடத்துக்கு மாற்றிவிடுகிறது. அந்த இடத்தைத்தான் ஸ்வாப் என்கிறோம். 1962இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே இந்த உத்தி இருந்தது.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோ செக்கன் ஆகும். அதை மேசையிலுள்ள பேனாவைக் கைநீட்டி எடுக்கும் 1 செக்கன் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 100 மைக்ரோ செக்கன் எடுக்கும், சுழலும் தட்டில்லாத புதிய வகை வட்டான எஸ்எஸ்டிக்கு, இதே அளவில் 17 நிமிடங்கள் தேவை. அதற்குள் பிரெட்ரிக் கோட்டை வாசலில் இறங்கி, மான்கள் படுத்திருக்கும் மரநிழலைக் கடந்து, கோணேசர் கோயிலுக்கே நடந்து ஏறிவிடலாம். பழைய வன்தட்டின் 10 மில்லி செக்கனோ ஏறத்தாழ 28 மணித்தியாலமாகிறது. ஒரு பேனாவுக்காகக் கொழும்புக்குப் பஸ் ஏறி, இரவு அங்கே தங்கி, மறுநாள் திரும்பி வருவதை நினைத்துப் பாருங்கள்!

எப்போதாவது ஒருமுறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இப்போதுதான் வெளியே அனுப்பிய பக்கமே அடுத்த கணம் தேவைப்பட்டு, அதற்கு இடம் விட்டு வெளியேறிய பக்கமும் உடனே தேவைப்பட்டால், கணினி போக்குவரத்திலேயே காலத்தைக் கழிக்கும். த்ராஷிங் எனப்படும் இந்த நிலைக்கான காரணத்தை 1968இல் கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் விளக்கினார்.

ஸ்வாப்பை நிறுத்தினாலும் இது தீராது என்பதுதான் பலரும் அறியாத செய்தி. நிரல்களின் சொந்தத் தரவை வெளியே அனுப்ப வழியில்லாததால், லினக்ஸ் இயங்குதளம் அவற்றின் கட்டளைகள் அடங்கிய பக்கங்களைக் கைவிட்டு, தேவைப்படும்போதெல்லாம் கோப்பிலிருந்து மீண்டும் வாசிக்கிறது. ஆகவே ஸ்வாப் இல்லாமலும் வட்டு திணறும். அதற்கும் மேல் போனால், நினைவகம் தீர்ந்துபோகும்போது லினக்ஸ் இயக்கும் ஓஓஎம் கில்லர் என்ற பொறிமுறை, அதிக நினைவகம் பிடித்திருக்கும் நிரலைத் தேர்ந்து கொன்றுவிடும். சேமிக்காத உங்கள் வேலையும் அதோடு போய்விடும். ஸ்வாப்பை அணைக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் கணினி திணறும்போது விஎம்ஸ்டாட் 1 என்ற கட்டளையை இயக்கி, ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவதைக் காட்டும் எஸ்ஐ, ஸ்வாப்புக்கு வெளியே போவதைக் காட்டும் எஸ்ஓ என்ற இரு நெடுவரிசைகளையும் கவனியுங்கள். இரண்டிலும் எண்கள் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருந்தால், அப்போது எத்தனை டேப்கள் திறந்திருந்தன என்பதைக் கருத்துப் பகுதியில் எனக்கு எழுதுங்கள்.